"படம் எப்படி?": நன்னூல் வழி ஒரு கருத்தியல் ஆய்வு

"படம் எப்படி?" என்ற இரு சொல் வினாவும் அதற்கு ரசிகர்கள் அளிக்கும் விடைகளும் சலூன் நாற்காலியிலும் ஷேர் ஆட்டோவிலும் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசையிலும் நாள் தவறாமல் புழங்கிவந்தபோதிலும், அவற்றை இலக்கணம் வல்லார் எவரும் இதுகாறும் முறையாக ஆராயப் புகுந்ததில்லை. இயக்குநர்களைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் இசையமைப்பாளர்களைப் பற்றியும் நூல்கள் உள்ளன. படம் முடிந்து வெளியே வந்த ஒருவர், வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கனைச் சட்டைப்பையில் துழாவிக்கொண்டே, கைப்பேசியில் அழைத்த மைத்துனருக்குச் சொல்லும் ஒற்றை வரி எந்த விதிக்கு உட்பட்டுப் பிறக்கிறது என்பதைச் சொல்லும் நூல்தான் இல்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்டிக்கொண்டதற்கிணங்கப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. பவணந்தியார் திரைப்படம் எதையும் பார்த்ததில்லை என்பது இதற்குத் தடையாகாது; படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வோரில் கணிசமானோர் அந்த வகையில் அவருக்கு இணையானவர்களே.

இங்கு ரசிகர் என்றது, மன்றத்தில் பெயர் பதிந்து கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுபவரை மட்டுமன்று. காசு கொடுத்தோ கொடுக்காமலோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கூலி எதிர்பாராமல் கருத்துரைக்கும் அனைவரையும் அச்சொல் குறிக்கும். கூலி பெற்று உரைப்பவர் விமர்சகர் எனப்படுவார்; அவருக்கு மதிப்பெண் போடும் கடப்பாடு உண்டு. ஆனந்த விகடன், 1977இல் வெளியான '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மதிப்பெண் வழங்கியது இன்றளவும் வியப்புடன் பேசப்படுகிறது. அந்த அரை மதிப்பெண்ணைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கூடி யோசிக்க அங்கே ஓர் ஆசிரியர் குழு இருந்தது. ரசிகருக்கு அத்தகைய வசதி இல்லை. அவர் கருத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் பச்சைக்கு மாறிவிடும்.

இவ்வாய்வு நிறுவ முனையும் கொள்கை ஒன்றுதான்: ரசிகரின் கருத்து படத்தைப் பற்றியதன்று, கேட்பவரைப் பற்றியது. ஒரே ஆள், ஒரே படத்தைப் பற்றி, ஒரே மாலையில், கூடப் படித்தவனிடம் "மொக்கைடா மச்சான்" என்றும், மேலதிகாரியிடம் "பரவால்ல சார், டைம்பாஸ்" என்றும், மாமியாரிடம் "நல்ல படந்தான் அத்தை, ஆனா உங்களுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது" என்றும் சொல்வது அன்றாட வழக்கு. இம்மூன்றில் எது பொய் என்று கேட்பது இலக்கணம் அறியாதார் வினா. மூன்றும் மெய்யே, முதலாவது நட்பின் மெய், இரண்டாவது சம்பளத்தின் மெய், மூன்றாவது குடும்பத்தின் மெய்.

வினா இயல்

வினா அறுவகைப்படும் என்பது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்யவைக்கப்பட்ட செய்தியாகும். அவற்றுள் அறிவினா என்பது, விடை தெரிந்த ஆசிரியர் மாணவருக்கு அது தெரியுமா என்று அறியக் கேட்பது. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டவர் அதைச் சொல்லிக்கொள்ளாமல், "ஆமா, படம் பாத்தியா? எப்படி?" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பது இவ்வகையைச் சேரும். இதற்கு விடையளிப்பவர் கேட்டவரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசுதல் நலம். புருவம் சுருங்கும் இடத்தில் "ஆனா" என்று திரும்பிவிடும் வாய்ப்பை வாக்கியத்துக்குள் முன்கூட்டியே வைத்துக்கொள்வது அனுபவசாலிகள் மரபு. உண்மையிலேயே அறியாமல் கேட்கும் அறியாவினா அருகியே வழங்குகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தப் படம் தாங்குமா என்று கவலையோடு கேட்கும் குடும்பத் தலைவர் ஒருவரே இதனை இன்று தூய வடிவில் கையாள்கிறார்.

கொளல் வினா, கொடை வினா என்னும் இரண்டும் வணிகவியலாருக்கும் பயன்படத்தக்கவை. "டிக்கெட் இருக்கா?" என்று பெறுவதற்காகக் கேட்பது கொளல், "ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு, உனக்கு வேணுமா?" என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை. பெரிய நடிகர் படம் வெளியாகும் நாளில் கொளல் வினா ஓங்கியிருப்பதும், புதன்கிழமைவாக்கில் அது கொடை வினாவாகத் திரிவதும் இயல்பு. முதல் சனிக்கிழமையே கொடை வினா காதில் விழத் தொடங்குமாயின், தயாரிப்பாளர் வசூல் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐய வினாவும் ஏவல் வினாவும் வெளிப்படை.

விடை இயல்

விடை எண்வகை. சுட்டு, மறை, நேர் ஆகிய முதல் மூன்றும் வெளிப்படையாக விடையைச் சொல்லிவிடுவன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய பின் ஐந்தும் நேராகச் சொல்லாமல் குறிப்பால் பொருளைத் தருவன. திரையுலகில் முன்னைய மூன்றுக்கும் மதிப்பு மிகக் குறைவு என்பது இவ்வாய்வில் கண்ட உண்மை. ஒரு நடிகரின் படத்தை அந்நடிகரின் ரசிகர் "வேற லெவல்" என்று நேர் விடை கூறுவதால் படத்தைப் பற்றி எந்தத் தகவலும் பிறப்பதில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார் என்பது மட்டுமே அதனால் அறியப்படும். கருத்து என்று சொல்லத்தக்கதெல்லாம் குறிப்பு விடைகளில்தான் குடியிருக்கிறது.

"நீயே போய்ப் பாரு" என்னும் ஏவல் விடை, குரலைப் பொறுத்துப் பரிந்துரையாகவும் பழிவாங்கலாகவும் அமையும். தான் மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம் துன்பப்பட்டதை ஏற்க முடியாதவர், நண்பர்களையும் அதே துன்பத்துக்கு உள்ளாக்கியபின்தான் ஓரளவு ஆறுதல் அடைகிறார் என்பதால், பின்னதே பெருவழக்கு. வினா எதிர் வினாதலுக்கு "யாரு டைரக்டர்னு தெரியும்ல?" என்பது எடுத்துக்காட்டு, இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிராது.

உற்றது உரைத்தல் என்பது, தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விடையை உணர்த்துதல். ஆடுவாயா என்று கேட்டவரிடம் கால் வலித்தது என்று சொல்லிய பாடநூல் எடுத்துக்காட்டின் இன்றைய வடிவம், படம் எப்படி என்று கேட்டவரிடம் "தலை வலிக்குதுடா" என்பதாகும். இவ்விடையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 'கங்குவா' படத்தைப் பார்த்தோர் பலர் கதை, நடிப்பு எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒலி காதைப் பிளக்கிறது என்று உற்றது உரைக்கவே, ஒலியின் அளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு திரையரங்குகளிடம் தயாரிப்பாளர் தரப்பு கேட்டுக்கொள்ள நேர்ந்தது. கருத்து ஒன்று நேரே சென்று புரொஜெக்டர் அறையின் குமிழைத் திருப்பியது கலை விமர்சன வரலாற்றில் அரிய நிகழ்வு. நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஓசையுடைமையையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு மேல்வரம்பு விதிக்காமல் விட்டது பவணந்தியாரின் குறையென்றே சொல்ல வேண்டும்.

அதே வலியை எதிர்காலத்தில் வைத்துச் சொன்னால் உறுவது கூறல். "தூங்கிடுவ" என்பது அதன் சுருங்கிய வடிவம்.

இனி, எட்டாவதாகிய இனமொழி விடை. கேட்ட பொருளை விட்டு, அதற்கு இனமான வேறொன்றைப் பற்றி விடை சொல்லுதல் இனமொழியாகும். ரசிகர் கருத்தின் உயிர்நிலை இதுவே. படம் எப்படி என்று கேட்டால் "பாட்டு நல்லாருக்கு" என்கிறார். பாட்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை. "கேமரா சூப்பர்" என்கிறார். கேட்டவர் கேமரா வாங்க வந்தவரல்லர். "அனிருத் காப்பாத்திட்டாரு" என்கிறார். காப்பாற்றப்பட வேண்டிய நிலையில் ஒரு படம் கிடந்தது என்ற செய்தி அதனுள் அடங்கியிருக்கிறது. இவ்விடைகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு வரிசைமுறை புலப்படுகிறது: புகழப்படும் உறுப்பு கதையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவுக்குப் படம் மோசம். கதாநாயகன் நடிப்பைப் புகழ்ந்தால் படம் பழுதில்லை. காமெடியைப் புகழ்ந்தால் சுமார். பின்னணி இசையைப் புகழ்ந்தால் ஐயத்துக்கு இடம். லொக்கேஷனைப் புகழ்ந்தால் பொழுது வீண். வில்லனின் தங்கை மகனாக வரும் சின்னப் பையனைத் தேடிப் பிடித்து, "அவன் நல்லா பண்ணிருக்கான்" என்று சொன்னால் கேட்டவர் அந்த வாரம் வேறு வேலை பார்ப்பது நல்லது. வரிசையின் கடைசியில் நிற்பது "தியேட்டர் ஏசி நல்லாருந்துச்சு" என்பது. அதற்குக் கீழே மொழியில் இடமில்லை.

"ஒரு தடவ பாக்கலாம்" என்னும் விடை மேற்கண்ட எட்டினுள் எதிலும் அடங்காமல் முரண்டு பிடிப்பதால் தனியே கருதத்தக்கது. சொல்கிறவர் அப்படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டார்; இன்னொரு தடவை பார்க்கப்போவதில்லை. ஆகவே அது அறிவுரை போலத் தோன்றினாலும் உண்மையில் தன் இறந்தகாலத்தைப் பிறருக்கு எதிர்காலமாக வழங்கும் ஒரு கால மயக்கமாகும். மேலும், ஒரே படத்தை ஏழெட்டுத் தடவை பார்த்து, நூறு நாளுக்கும் வெள்ளி விழாவுக்கும் ஓட்டிவிட்ட தலைமுறையினர் வாயில் "ஒரு தடவ" என்பது இகழ்ச்சியாக இருந்தது. இரண்டு வாரத்தில் திரையை விட்டு இறங்கி, நான்காம் வாரத்தில் ஓடிடிக்குப் படம் போய்விடும் இக்காலத்தில் அதே தொடர் நற்சான்றிதழ். "ஓடிடியில வந்தா பாத்துக்கலாம்" என்பது இதற்கு ஒரு படி கீழ். அதன் மூதாதையாகிய "டிவியில போட்டா பாத்துக்கலாம்" என்பது தீபாவளி சிறப்புத் திரைப்படங்களோடு பிறந்து அவற்றோடு நலிந்தது.

குற்ற இயல்

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் எனத் தொடங்கி நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூலின் பாயிரம் வகுத்துரைக்கிறது. பாயிரம் என்பது நூலின் முகப்பில் நிற்கும் அறிமுகப் பகுதி. இன்றைய வழக்கில் அதற்கு மிக நெருங்கிய இனம் டிரைலர். இப்பத்தையும் ஏட்டில் படிக்காத ரசிகர், பத்தையும் இருட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுகிறார் என்பது பெருமைக்குரியது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது வில்லனின் தாத்தா காலத்துக்குப் பின்னோக்கிப் போவது மற்றொன்று விரித்தல். இறுதிக் காட்சியில் நடந்தது கனவா நனவா என்று சொல்லாமல் விளக்கைப் போட்டுவிடுவது மயங்க வைத்தல். முதல் பாகத்தின் கதையை இரண்டாம் பாகத்தில் ஆள் மாற்றிச் சொல்வது கூறியது கூறல்.

கூறியது கூறலுக்குப் புறனடை ஒன்றும் உண்டு. 2004இல் வந்த 'கில்லி' இருபது ஆண்டுகள் கழித்து 2024 ஏப்ரலில் மீண்டும் திரையிடப்பட்டபோது, அதையே கூற வேண்டும், வேறெதையும் கூறக் கூடாது என்பதற்காகவே மக்கள் டிக்கெட் வாங்கினர். திரையில் நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் அவ்வசனத்தைச் சொல்லி முடித்திருந்தது. அத்தகைய அரங்கில் படம் எப்படி என்று கேட்பவர் ஒருவரும் இரார். பக்கத்து இருக்கைக்காரரின் குரல் எப்படி என்று வேண்டுமானால் கேட்கலாம்.

ஆயினும் பத்துக் குற்றங்களுள் தலையாயது சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் எடுப்பாகச் சென்று, போகப் போகத் தேய்ந்து முடிவது என்று இதற்குப் பொருள். "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்" என்று தமிழ்நாடு முழுவதும் ஒரே குரலில் சொல்லப்படுவது இதன் உரையேயாகும். இது ரசிகர்களின் சோம்பல் என்று சிலர் கருதுவர், அது பொருந்தாது. குற்றத்துக்குக் காரணம் இடைவேளை என்ற அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ்ப் படத்தின் முதல் பாதி ஒரு பெரிய வினாவை எழுப்பி, அதன் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, மக்களை பப்ஸ் வாங்க அனுப்பவேண்டும் என்பது எழுதப்படாத விதி. 2022இல் வந்த 'விக்ரம்' படத்தில் முகமூடிக்குள் இருப்பவர் யார் என்பது சரியாக அவ்விடத்தில் அவிழ்வதையும், அரங்கம் அதிர்வதையும், அதன்பின் வரிசையில் நின்றவர்கள் காபிக்குப் பணம் கொடுக்க மறந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பதையும் கண்டோர் இதனை உணர்வர். எழுப்பிய வினாவுக்கெல்லாம் காரணம், முன்கதை, மனைவியின் சாவு, நண்பனின் துரோகம் என்று விடை சொல்ல வேண்டிய சுமை முழுவதும் இரண்டாம் பாதியின் தலையில் விழுகிறது. வினா எப்போதும் விடையைவிடச் சுவையானது. பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்ததை நம்பி வந்தவர்கள் இரண்டாம் பாதியில் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

'லியோ' வெளியானபின் அதன் இரண்டாம் பாதியைப் பற்றியும் முன்கதையைப் பற்றியும் இதே குற்றம் எழுந்தது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அதற்கு அளித்த விளக்கங்களில் ஒன்று, அம்முன்கதை ஒரு கதாபாத்திரம் தன் பார்வையில் சொல்வது, ஆதலின் அது உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்ற கருத்தில் அமைந்தது. மூலத்தில் இடறும் இடத்தை உரையால் நேர்செய்வது தமிழில் ஆயிரம் ஆண்டு மரபு. நூலாசிரியரே உரையாசிரியராகவும் வந்து நிற்பதுதான் புதுமை.

தேய்ந்து இறுதலுக்கு மருந்து கத்தரிக்கோல். இங்கே ஆய்வாளர் கவனத்துக்குரிய ஒற்றுமை ஒன்று தென்படுகிறது. 2024 ஜூலையில் வெளியான 'இந்தியன் 2' நீளம் என்று ரசிகர்கள் சொன்னதையடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் 'கங்குவா' படத்திலும் குறைக்கப்பட்டது 12 நிமிடமே. ஆகவே சலிப்பு என்பது எப்படத்திலும் 12 நிமிடம் கொண்டதோர் அளவு என்று துணியலாம். இரண்டே சான்றுகளை வைத்து விதி செய்வது முறையாகுமா என்று கேட்போர், டீசர் என்னும் ஒரே சான்றை வைத்து முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதும் மரபு இத்துறையில் வேரூன்றியிருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். முதல் நாள் பார்த்தவரோ, குறைத்த பின் இப்போது எங்கும் ஓடாத ஒரு படத்தைப் பற்றிய கருத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிவார். அவரோடு வாதிடுவதில் பயனில்லை.

நன்னூலின் அழகுகளுள் உலகமலையாமை என்பது உலக வழக்கோடு முரண்படாமை. ரசிகர் மொழியில் இதற்கு லாஜிக் என்று பெயர். பிடித்த படத்தில் லாஜிக் தேடுவதும், பிடிக்காத படத்தில் அதைத் தேடாமல் விடுவதும் நாகரிகமன்று எனக் கருதப்படுகிறது. கதாநாயகன் ஒற்றை அடியில் பத்துப் பேரைப் பறக்கவிட்டதை ஏற்றுக்கொண்டவர், அதே காட்சியில் காட்டுக்குள் அவனுடைய போனுக்கு சிக்னல் கிடைத்ததை ஏற்க மறுத்து, "அது எப்படிங்க?" என்று கேட்பது இதன் பாற்படும்.

இடமும் காலமும்

கருத்து, சொல்லப்படும் இடத்தைப் பொறுத்தும் வேறுபடும். திரையரங்க வாயிலில் மைக்கை நீட்டியவுடன் இயல்பான மனிதர்கள் "வெறித்தனம்!" என்றோ "காசத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க!" என்றோ இரண்டில் ஒன்றாகக் கூவுவதற்குக் காரணம், அங்கே கேட்பவர் யாரென்று தெரியாமல் போவதே. மச்சானுமில்லை, மேலதிகாரியுமில்லை, மாமியாருமில்லை. கருத்தை இழுத்துப் பிடிக்க உறவு எதுவும் இல்லாத இடத்தில் அது ஒரு கரையில் போய் மோதித்தான் நிற்கிறது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், யூடியூபர்கள் இவ்வாறு விமர்சனம் எடுக்கத் திரையரங்க வளாகத்துக்குள் இடம்தரக் கூடாது என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதனால் மைக் வாயிலிலிருந்து தெருவுக்கு நகரலாம்; மைத்துனரின் தொலைபேசி அழைப்பைத் தடுக்கும் வழியை எச்சங்கமும் கண்டறிந்ததில்லை.

காலத்தின் செயலுக்கு 'லியோ'வே மீண்டும் சான்று. 2023 அக்டோபர் 19 அன்று தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்க அரசு அனுமதித்தது. கேரளத்திலோ அதிகாலை 4 மணிக்கே திரை விலகிவிட்டது. எனவே சென்னையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்குப் பாலக்காட்டிலிருந்து கருத்து வந்துசேர்ந்தது. படம் பார்ப்பதற்கு முன்பே படத்தைப் பற்றிய கருத்து கையில் இருந்ததால், 9 மணிக் காட்சிக்குச் சென்றவர்களுக்குச் சரிபார்க்கும் வேலை மட்டுமே மிஞ்சியது.

காலம் நீளுமாயின் கருத்து தலைகீழாகவும் மாறும். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது திரையரங்கு நிறையவில்லை. 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது பாதிப் பேருக்குப் புரியவில்லை, புரிந்தவர்கள் மீதிப் பேரிடம் மாட்டிக்கொண்டு விழித்தனர். பின்னாளில் இரண்டுமே போற்றப்படும் படங்களாயின. பின்னது 2021இன் கடைசி நாளில் மறுபடியும் திரைக்கு வந்தது. 1991 தீபாவளிக்கு வந்த 'குணா'வை, 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் கொடைக்கானல் குகைக்குள்ளிருந்து வெளியே எடுத்துவந்தது. அன்று தொட்டு, "குணாவ அப்பவே தியேட்டர்ல பாத்தவன் நான்" என்று சொல்வோர் பெருகிவருகின்றனர். அவர்கள் எல்லோரும் மெய்யாகவே அன்று டிக்கெட் எடுத்திருப்பின் அப்படம் வெள்ளி விழாவைத் தாண்டியிருக்கும். இவர்கள் பொய்யுரைப்பதாகக் கொள்ளலாகாது. 1991இல் கேட்டவர் 'தளபதி' பார்த்துவிட்டு வந்த நண்பர். இன்று கேட்பவர் கல்லூரியில் படிக்கும் மகள். கேட்பவர் மாறினார், கருத்து மாறியது.

மத இயல்

மதம் என்பது இங்குக் கொள்கை. ஆசிரியர்கள் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறை ஏழு என்பது நன்னூல் துணிபு. உடன்படுவதும் மறுப்பதும் அவற்றுள் முதலிரண்டு. 1987 தீபாவளிக்கு 'நாயகன்', 'மனிதன்' இரண்டும் ஒரே நாளில் வெளியானதுபோன்ற காலங்களில் இவ்வேழும் தெருமுனைகளில் முழுவீச்சில் பயின்றன. எனினும் ரசிகர்களுக்கு மிகவும் உகந்தது பிறர் நூற்குற்றம் காட்டல் என்னும் ஆறாவதே. தன் நாயகனின் படம் சரியில்லை என்று ஒருவர் சொன்னவுடன், அதை மறுக்காமலும் ஏற்காமலும், "போன வருஷம் உங்காளு படம் என்னாச்சு?" என்று எதிரே வைப்பது இதன் இலக்கணம். பேசப்பட்ட படம் அந்த நொடியிலேயே மறக்கப்பட்டு, பேச்சு வேறு இரண்டு படங்களின் வசூலுக்கு இடம்பெயர்ந்துவிடும், டீ ஆறிவிடும், கடைக்காரர் மட்டும் இரு தரப்புக்கும் தலையாட்டுவார்.

சின்னத்திரை இயல்

தொலைக்காட்சித் தொடர் பற்றிய கருத்துகளைத் திரைப்படக் கருத்துகளோடு ஒன்றாக வைத்து எண்ணுவது பிழை. படத்தைப் பற்றிய கருத்து படர்க்கையில், இறந்தகாலத்தில், படம் முடிந்தபின் சொல்லப்படுவது. தொடரைப் பற்றிய கருத்தோ முன்னிலையில், நிகழ்காலத்தில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் இருக்கும் ஆளிடமே நேராகச் சொல்லப்படுகிறது. மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்மணி, தலை நிமிராமல், காதால் மட்டுமே கதையைப் பின்தொடர்ந்து, "அவகிட்ட சாவியக் குடுக்காதடி, பாவி" என்று சொல்கிறார். கதாநாயகி சாவியைக் கொடுத்துவிடுகிறாள். "சொன்னேன், கேட்டியா?" என்கிறார். அதற்கு முன் இரண்டு இணுக்கு கீரையும் உருவி முடித்திருக்கிறார். விமர்சகர் எவருக்கும் கலைப்படைப்போடு இவ்வளவு நெருங்கிய பேச்சுவார்த்தை வாய்த்ததில்லை.

ஆள் மாற்றத்தை ஏற்பதிலும் தொடர் ரசிகர் தத்துவ முதிர்ச்சி பெற்றவர். "இவருக்குப் பதில் இவர்" என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டால் போதும். நேற்றுவரை இருந்த முகம் போய் இன்னொரு முகம் அதே வீட்டில், அதே மனைவியோடு, அதே கோபத்தின் மிச்சத்தைத் தொடர்வதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தலில் நம்பிக்கை உள்ள ஒரு பண்பாடு எளிதில் ஏற்றுக்கொள்கிறது. ஏற்பினும் மறப்பதில்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபின் வேல ராமமூர்த்தி அவ்விடத்துக்கு வந்தார். வந்தவர் குறை வைக்கவில்லை. ஆயினும் அவர் ஒவ்வொரு முறை கையை ஓங்கும்போதும், "அவரு இருந்தா இந்நேரம் எப்படிக் கத்தியிருப்பாரு" என்ற ஏக்கம் வீடுகளில் எழுந்தது. நாள்தோறும் அந்தக் கதாபாத்திரத்தைக் கட்டையில போக என்று திட்டியவர்களே அன்று கண்கலங்கியதை முரண் என்று கொள்ளாமல், திட்டுதலும் ஒருவகைப் பாராட்டுரை என்று கொள்வதே பொருத்தம்.

தொடர் ரசிகரின் நிலையான கருத்து "இழுக்குறாங்க" என்பது. ஒரு கதவு திறக்கப்படும், எட்டு முகங்கள் மும்மூன்று தடவை அதிர்ச்சியுறும், அதற்குள் 'தொடரும்' வந்துவிடும். வினையெச்சம் எழுந்து நின்றுகொண்டிருக்கும், முற்று வராது. இழுக்கிறார்கள் என்ற இக்கருத்து, 'சித்தி' ஓடிய 1999 முதல் 2001 வரையிலும், 'மெட்டி ஒலி' ஓடிய 2002 முதல் 2005 வரையிலும், 'கோலங்கள்' 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடிய 2003 முதல் 2009 வரையிலும் வீடுதோறும் மாலைதோறும் குக்கர் விசிலோடு சேர்ந்து ஒலித்தது. இழுக்கிறார்கள் என்று சொன்னவர் எவரும் சேனலை மாற்றவில்லை. மின்வெட்டு வந்த நாளில் எதிர்வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு என்னாச்சு?" என்று அறியாவினாத் தொடுத்தார்கள். கதை அன்று அணுவளவும் நகரவில்லை என்று விடை வந்தபோது நிம்மதியும் அடைந்தார்கள்.

இவ்வாறு ஆண்டுக்கணக்கில் மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் என்று குற்றங்களை அடுக்கிவந்த அதே ரசிகர், ஒரு நாள் தொடர் உண்மையிலேயே முடிந்து, எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டு, திரை இருண்டபின், எதிர்வீட்டுக்காரர் "சீரியல் எப்படிக்கா முடிஞ்சுது?" என்று கேட்க, "என்ன முடிச்சாங்க போ, சட்டுப்புட்டுன்னு முடிச்சிட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொள்கிறார். பத்துக் குற்றங்களுள் முதலாவதாகிய குன்றக் கூறலுக்கு, தமிழ்நாட்டு ரசிகர் வழக்கில் கிடைக்கும் ஒரே எடுத்துக்காட்டு இதுதான்.